கடலில் விழுந்தவை

காவேரிப்பட்டணத்தில் கடல் இல்லை.
காவேரியும் இல்லை.
ஓடுவது தென்பெண்ணை,
அதுவும் அணை திறந்தால்.

பெயரே இப்படிப் புளுகும் ஊரில்
என் எடைமேடைக்கு எதிர்க்கடையில்
இரவு டீக்குக் கூடுகிறார்கள்
கடற்படையில் ஓய்வுபெற்ற மூன்று பேர்.
அவர்கள் அளக்கிறார்கள்.
நான் நிறுக்கிறேன்.

கூழ் ஆலைக்கு வரும் லாரியில்
ஏற்றிய எடை, வெற்று எடை,
கழித்தால் மிச்சம்தான் மாங்காய்.
சில நாள் தார்ப்பாய்க்குக் கீழே
கிளீனர் பையன் படுத்திருப்பான்.
அவனையும் கிலோ கணக்கில் விற்கப் பார்ப்பார்கள்.

மாதப்பனின் அலை
போன சீசனில் நாற்பதடி,
இந்த சீசனில் அறுபது.
அலையை அப்படியே கழித்துவிட்டேன்.
சமையலறைக் கூரையில் நாலு சப்பாத்தி
ஒட்டிக்கொண்டதை வைத்துக்கொண்டேன்,
ஏனென்றால் அந்தக் கதையில் அவர்
மாவு வாளிக்குள் தலையை விட்டு
வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார்.
அப்படி ஒரு பொய்யை
யார் மெனக்கெட்டுச் சொல்வார்கள்?

திம்மராயன் சொன்னது
எந்த மேடையிலும் ஏறாது.
நடுக்கடலில் இரண்டு கப்பல்
பக்கம் பக்கமாக ஓட,
நடுவில் கயிறு கட்டி,
முடிவெட்டுகிறவரை நாற்காலியில் உட்கார்த்தி
இந்தக் கப்பலிலிருந்து அந்தக் கப்பலுக்கு
இழுத்தார்களாம்.
கயிறு தொய்ந்து இடுப்புவரை நனைந்தாராம்.
கத்தரிக்கோல் போயே போய்விட்டதாம்.
கேப்டன் காடுபோல் வளர்ந்த தலையோடு
கொச்சியில் இறங்கினாராம்.

நான் சிரித்தேன்.
மாதப்பனே சிரித்தார், அறுபதடி மாதப்பன்.

ரவூப் மட்டும் சிரிக்கவில்லை.
அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.
எந்தக் கயிறு எத்தனை அங்குலம்,
எந்தத் திருகுக்கு எந்த ஸ்பேனர்,
கப்பல் சாம்பல் பெயின்ட் டின்னின் மூடி
எந்தப் பக்கம் திறக்கும்.
கழிக்க ஒன்றுமில்லாத பேச்சு.
மூவரில் முழுசாகக் கடலைப் பார்த்தவர் அவர்தான்
என்று தீர்ப்பே எழுதியிருந்தேன்.

பென்ஷன் திருத்தத்துக்கு நகல் எடுக்க
என் அறைக்கு வந்தார், சர்வீஸ் புத்தகத்தோடு.
பதினைந்து வருடம்:
கொச்சி, கரை, பண்டகசாலை.
கப்பலின் பெயர் எழுதும் கட்டத்தில்
ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கோடு.

நகல் சூடாக வந்தது.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
சட்டைப்பையில் சில்லறை தேடினார்,
வெகுநேரம்.

“கத்தரிக்கோல் ஒண்ணு, கடலில் விழுந்தது.
எழுபத்தொம்பது, நவம்பர்.
மாத்துக் கத்தரி எடுத்துக் கொடுத்தது நான்தாம்மா.”

எனக்குச் சிலிர்த்துவிட்டது.
திம்மராயனிடம் சொல்ல எழுந்தே விட்டேன்.

“அதே புயல், அதே கப்பல்.
பதினேழு மின்விசிறி,
ஆறு டஜன் போர்வை,
ஒரு தையல் மெஷின்.
எல்லாமே கடலில் விழுந்ததுன்னு
எழுதிக் கொடுத்தாங்க.
அதுக்கும் என் கையெழுத்துதான்.”

உட்கார்ந்துகொண்டேன்.
இத்தனையும் கொட்டியதால்தான்
கப்பல் மூழ்கவில்லையோ என்னவோ.

மறுநாள் இரவு திம்மராயன் மறுபடி ஆரம்பித்தார்.
இந்த முறை கழுத்துவரை நனைந்தார்
முடிவெட்டுகிறவர்.

“இடுப்புவரைதான்” என்றார் ரவூப்.

“நீ அப்ப எந்தக் கப்பல்ல இருந்தே?”
மாதப்பன் சும்மாதான் கேட்டார்.
டீ கிளாஸ் ஒன்று பாதியில் நின்றது.

பாரூர் லாரி ஒன்று வந்து
ஹாரன் அடித்தது.
மேடைக்கு ஏத்து, ஏத்து என்று
கத்தினேன்,
தேவைக்கு மேலேயே சத்தமாக.