வடிகுழாய்

மார்ச் பிறந்தும் வோரு ஊரில் பனி விலகவில்லை.
இழுவை வண்டியிலிருந்து இறங்கியது போபியெதா.
ஐம்பத்து நான்காம் வருடத்துச் சாம்பல் நிறம்,
பெயருக்கு வெற்றி என்று பொருள்.
பானெட்டைத் தூக்கினேன்.
எஞ்சின் பிளாக்கின் இடது விலாவில்
ஒரு சாண் நீளத்துக்கு
உறைந்த தண்ணீர் கிழித்துவிட்டுப் போன கோடு.

தண்ணீருக்கு அவசரம் கிடையாது.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு டிகிரி போன இரவில்
இன்னும் கொஞ்சம் இடம் கேட்டிருக்கும்.
வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்கத் தெரியாத ரகம்.

வண்டியை அனுப்பியவர் கல்யூ.
பிற்பகலில் நேரிலும் வந்தார், தொப்பியைக் கழற்றவில்லை.
"அக்டோபரில் நான்தான் தண்ணீரை வடித்திருக்க வேண்டும்.
மறந்துவிட்டேன், ஹெல்வே.
பில்லை எனக்கு அனுப்பு. அவளிடம் ஒன்றும் சொல்லாதே."

மறுநாள் காலை உர்வே.
பேருந்தில் வந்திருக்கிறார், காலணி விளிம்பில் சாலை உப்பு.
"கடைசியாக ஓட்டியது நான்.
கொட்டகையில் விட்டுப் பூட்டினேன், குழாயைத் தொடவே இல்லை.
பில் எனக்கு. அவருக்குத் தெரிய வேண்டாம்."

அந்த அக்டோபரில்தான்
இருவரும் மணவிலக்கில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.
வீட்டை விற்றாகிவிட்டது, தேனீப் பெட்டிகளைக்கூடப் பங்கு போட்டாகிவிட்டது.
இது மட்டும் மீதி.

விரிசலின் முனைகளை முதலில் தேட வேண்டும்.
மண்ணெண்ணெய் தடவித் துடைத்துச்
சாக்பீஸ் பொடியைப் பூசினால்
ஒளிந்திருப்பது தானே கசிந்து காட்டிக்கொடுக்கும்.
கண் சொன்னதைவிட நாலு விரற்கடை அதிகம்.
முனைக்கு ஒரு துளை போட்டேன்.
ஓடி வருகிற விரிசல் வட்டத்தில் விழுந்தால்
எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றுவிடும்.

பிறகு நிக்கல் கம்பி.
ஒரு தடவைக்கு இரண்டு விரற்கடை, அதற்கு மேல் கிடையாது.
சிவப்பு அடங்குமுன் சின்னச் சுத்தியலால் தட்டு, தட்டு,
ஆறும்போது இழுக்கப் பார்க்கும் உலோகத்தைத் தளர்த்து.
அப்புறம் வெறுங்கையை வை.
கை பொறுத்தால்தான் அடுத்தது,
அதுவும் பக்கத்தில் அல்ல, மறுகோடியில்.
ஒரே மூச்சில் ஓட்டிய பற்றவைப்பு
பாதி இரவில் பக்கத்திலேயே புதிதாக விரியும்.
டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.
அந்தச் சத்தத்தை இரண்டு முறை கேட்டிருக்கிறேன்.
ஒன்று, ஒரு டிராக்டர்.
இன்னொன்றைச் சொல்ல மாட்டேன்.

இரும்பு ஆறும்வரை கை சும்மா இருக்குமா?
வடிகுழாயைக் கழற்றினேன்.
பித்தளைத் திருகு, பச்சைக் களிம்பு.
திறந்திருந்தது.
கடைசிச் சுற்று வரை
முழுதாகத் திறந்திருந்தது.
அதற்குப் பின்னால் அறுபது வருடத் துருச்சேறு
களிமண்போல இறுகி வழியை அடைத்துக்கொண்டு.

யாரோ குளிரில் முட்டிபோட்டுக் குனிந்திருக்கிறார்கள்.
திருகியிருக்கிறார்கள்.
நாலு சொட்டு விழுந்து நின்றதும்
காலியாகிவிட்டதென்று நம்பி
எழுந்து போயிருக்கிறார்கள்.

போன் எட்டும் தூரத்தில்தான் இருந்தது.
எடுக்கவில்லை.
வளைத்த கம்பியால் சேற்றைக் குத்தி எடுத்தேன்,
ஒரு கிண்ணம் நிறைய.

ஐந்தாம் நாள் காற்றழுத்தம் ஏற்றிச் சோப்பு நீர் பூசினேன்.
தையல் முழுக்க மௌனம்,
நடுவில் மட்டும் ஒரு குமிழி,
ஊசித்தலை அளவு.
அந்த இடத்தைத் தோண்டித் திரும்பவும் வைத்தேன், திரும்பவும் தட்டினேன்.
அரம் போட்டுச் சமன் செய்யவில்லை.
தழும்பு இருக்கட்டும், அடுத்த மெக்கானிக்குக்குத் தெரியட்டும்.

இரண்டு பில் எழுதினேன்.
இரண்டிலும் பாதித் தொகை.
"இவ்வளவுதானா?" என்றார் கல்யூ போனில்.
"இவ்வளவுதான்."
உர்வே மறுபேச்சில்லாமல் அனுப்பிவிட்டார்.

இரண்டிலும் கடைசி வரி ஒன்றே:
வடிகுழாய், திறந்த நிலையில் இருந்தது,
அடைப்பு நீக்கப்பட்டது, கட்டணம் இல்லை.

அதைப் பற்றி மட்டும்
இருவருமே என்னிடம் எதுவும் கேட்கவில்லை.