நனைந்த வயிறு

மூலனூர்ப் பக்கம் கொறங்காட்டை
கிளுவை வேலியோடு வளைத்துக் கண்ணாடி நட்டிருக்கிறார்கள்.
தினக்கூலிக்குக் கழுவுகிறோம், நானும் தெய்வாத்தாளும்.
எட்டு மணிக்கு மேல் நீர் காட்டக் கூடாது,
சூட்டில் தண்ணீர் பட்டால் தகடு விரிசல் விடும்,
சூப்பர்வைசர் ஜெகதீசன் முதல் நாளே சொன்னது.

பதினாலாம் வரிசைக் கடைசியில்
சரளையோடு சரளையாய் நான்கு முட்டை.
மிதித்திருப்பேன்.
குச்சிக்கால் ஒன்று குறுக்கே ஓடி
சட்டென நின்றது.
மறுபடி ஓட்டம், மறுபடி நிற்றல்,
தையல் மிஷினை விட்டு விட்டு மிதிப்பது போல
(திருப்பூரில் இரண்டு வருஷம் தைத்தவள் நான்).
மூக்கோரம் மஞ்சள் தோல், தலையில் கறுப்புத் தொப்பி.
ஆள்காட்டி.
இறக்கை இருப்பதையே மறந்துபோன ஓட்டம்.

பிறகு அதே இறக்கையை
ஒடிந்தது போல் இழுத்துக்கொண்டு
என்னை எதிர்ப்பக்கம் கூட்டிப் போகப் பார்த்தது.
போனேன்.
அத்தனை நன்றாக நடிக்கிறவளை
ஏமாற்ற மனசு வரவில்லை.

சித்திரை. பொழுது உச்சிக்கு ஏறினால்
கொழுக்கட்டைப் புல்லின் நிழல்கூட
தன் வேருக்குள் போய்விடும்.
அப்போது அது முட்டைமேல் உட்காரவில்லை,
எழுந்து நின்றது.
காலைக் கொஞ்சம் அகட்டி, வெய்யிலை முதுகில் வாங்கி,
அடியில் உள்ளங்கை அளவு நிழல்.
அடைகாப்பதென்றால் சூடு கொடுப்பது
என்றல்லவா நினைத்திருந்தேன்.

டேங்கர் வால்வு சொட்டும் இடத்துக்கு ஓடி வரும்.
குடிக்காது. உட்காரும்.
நெஞ்சும் வயிறும் ஊறும்வரை
அமுக்கி அமுக்கி நனைக்கும்.
பிறகு அதே ஓட்டம்,
பாதியை வழியில் சிந்தி
மீதியை முட்டைமேல் வைக்க.

தகட்டுக்கு ஆகாத நேரத்து நீர்.
வால்வை முழுக்க மூடாமல் விட்டேன்.
எண்பது லிட்டர் வீண் என்று
வாரக்கூலியில் நூற்றைம்பது பிடித்தான் ஜெகதீசன்.
"வாஷர் தேஞ்சு போச்சுங்" என்றாள் தெய்வாத்தாள்,
யாரும் கேட்காமலே.
அவளும் பார்த்திருக்கிறாள்.

நான் எண்ணத் தொடங்கி இருபத்தோராம் நாள்
குழி வெறுமை.
ஓடு இல்லை, இறகு இல்லை.
கீரியா, காக்கையா, பொரித்ததா,
சரளை எதையும் சொல்லாது.
சோற்றுத் தூக்கை அன்று நான் திறக்கவில்லை.

உச்சிக்கு அது வந்தது.
உட்கார்ந்தது, ஊறியது,
எழுந்து ஓடியது
வேறு பக்கம்.