வர ஏழரை

தாஷ்கண்டிலிருந்து இஞ்சோனுக்கு
நாலாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
போக ஆறேகால் மணி நேரம்,
வர ஏழரை.

ஒரே வானம்தானே என்பார்கள்
புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள்.
மேலே ஒரு காற்று, மேற்கிலிருந்து கிழக்கே.
போகிறவர்களின் முதுகில் கைவைத்துத் தள்ளும்.
வருகிறவர்களின் நெஞ்சில் அதே கையை வைக்கும்.
அதற்கு யார்மீதும் கோபமில்லை.
குளிர்காலத்தில் இன்னும் பலம், அவ்வளவுதான்.

நான் விமானம் ஏறியதே இல்லை.
பதினோரு வருடமாக
ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து
விமானங்களுக்கு வழி போட்டுக்கொடுக்கிறேன்:
அல்மாத்திக்குத் தெற்கே, உரும்ச்சி,
கோபியின் விளிம்பு, மஞ்சள் கடல்.
எந்த உயரம், எவ்வளவு எரிபொருள்,
இறங்க முடியாவிட்டால் எங்கே ஒதுங்குவது.
ஒதுங்க ஓர் ஊர் குறிக்காமல்
எந்தத் திட்டத்திலும் கையெழுத்துப் போடக்கூடாது.
ஷெர்ஸோத் போனபோது
நாங்கள் அப்படியொன்றைக் குறிக்கவில்லை.

ஆன்சானில், கப்பலுக்குக் குழாய் வளைக்கும் பட்டறை.
மூன்று வருடம், எட்டு மாதம்.
சண்டையைக்கூட நாலு மணி நேரம் தள்ளித்தான் போட்டோம்:
என் நடுராத்திரிக் கோபம் போய்ச் சேரும்போது
அங்கே விடியப்போகும்,
அவன் கையுறையைத் தேடிக்கொண்டிருப்பான்.
போன வசந்தத்தில் மூன்று வாரம் பேச்சில்லை.
அந்த மூன்று வாரமும்
வாரம் நாலு முறை
அவன் இருக்கும் பக்கத்துக்கு நான்தான் வழி போட்டேன்.

நேற்று அவன் வரும் விமானம்.
பெயர்கள் என்னிடம் வராது. எண்ணிக்கை வரும்:
இருநூற்றுப் பதினோரு பேர்,
கைப்பையோடு ஆளுக்கு எண்பத்துநாலு கிலோ.
அவன் அவ்வளவு இருக்கமாட்டான்.
கடைசியாக அனுப்பிய படத்தில்
கன்னம் உள்ளே போயிருந்தது.
வேறு யாரோ
அவனுக்கும் சேர்த்துக் கனத்திருக்க வேண்டும்.

காற்று கடுமை.
ஏழு மணி ஐம்பது நிமிடம் என்றது கணினி.
முந்நூறு கிலோ எரிபொருள் கூடுதலாகப் போட்டேன்.
காரணம் என்ற கட்டத்தில்
வானிலை என்று எழுதினேன்.
விமானி ஒன்றும் கேட்கவில்லை.

இரவு இரண்டு ஐம்பதுக்குத் தரை தொட்டது,
நாலு நிமிடம் முன்னதாகவே.
நான் எழுந்திருக்க முடியாது.
டெல்லியில் மூடுபனி,
அங்கே போனது வட்டமடித்துக்கொண்டிருக்கிறது,
அடுத்த ஆள் ஏழு மணிக்குத்தான் வருவாள்.

காலையில் படியிறங்கினேன்.
காவலர் தோஹிர் தன் அறைக் கதவைக்
காலால் திறந்து காட்டினார்.
ஹீட்டரோரம், பெட்டியில் தலைவைத்து,
கொரிய எழுத்துப் போட்ட வேலைச் சட்டையில்
வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.
பயணிகள் வெளிவரும் வாசலிலிருந்து இந்தக் கட்டடம்
அறுநூறு மீட்டர்.
காற்றே இல்லை.
நாலு மணி பத்து நிமிடம் ஆகியிருக்கிறது.

உடனே எழுப்பவில்லை.
தானாகக் கண் திறந்து
மணி என்ன என்றான்.
அவன் கைக்கடிகாரம்
பதினொன்றைத் தாண்டியிருந்தது.