சுருக்கம் விழும்வரை

லியெபாயாவில் காற்று கடலிலிருந்து
கூரை கூரையாக எண்ணிக்கொண்டு வரும்.
அன்று ஓர் ஏணியையும் எண்ணியது.

புகைபோக்கி துடைக்கும் தால்வல்டிஸ்
மூன்றாம் மாடியிலிருந்து நின்றபடியே விழுந்தார்.
நின்றபடி விழுந்தால் குதிகால்தான் ஏந்தவேண்டும்.
எக்ஸ்ரேயில் துண்டுகளை எண்ணப் பார்த்தேன்,
ஒன்பதில் விட்டுவிட்டேன்.

"ஆபரேஷன் எப்போது?"
"தோல் சொல்லட்டும்" என்றார் டாக்டர் வீடோலா.
கத்தரிக்காயாய் மினுங்கும் வீக்கத்தில்
கத்தி வைத்தால் காயம் மூடாது.
முதலில் சுருக்கம் விழவேண்டும்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது.
சுருக்கத்துக்குக் களிம்பு வாங்கிய காசு கொஞ்சமில்லை.
இப்போதோ இரவுதோறும்
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து
இன்னொருவர் குதிகாலில் அதையே தேடினேன்.

கால் நெஞ்சைவிட உயரத்தில்.
பனிக்கட்டிப் பை, துணி சுற்றி.
சிகரெட் கிடையாது.

"முப்பது வருஷம் இந்த ஊர்ப் புகைக்கு
வழி திறந்துவிட்டவன் நான்.
என் பங்குக்கு ஒன்றுகூடக் கிடையாதா?"
"அடைத்த குழாயில் அடுப்பு எரியுமா?
ரத்தக் குழாயும் அப்படித்தான்."
பேசாமல் பாக்கெட்டை நீட்டினார்.
ஏழு இருந்தன.

பதினோராம் இரவு, கணுக்காலுக்குக் கீழே
ஒரு கோடு. பக்கத்தில் இன்னொன்று.
"விழுந்துவிட்டது!" என்று கத்தினேன்.
அடுத்த படுக்கைக்காரர்
யார் விழுந்தது என்று எழுந்து உட்கார்ந்தார்.

முழங்காலுக்குப் பின்னே நரம்பில் போட்ட மருந்து
மறுநாள் விடியுமுன் மூன்று மணிக்கு விடைபெற்றது.
வலி வருமுன்னே மாத்திரை போய்ச் சேரவேண்டும்.
தெரியும். தெரிந்தும்
நாலாம் அறையில் ஒரு வாந்தி,
பத்து நிமிடம் பிந்திவிட்டேன்.
அந்தப் பத்து நிமிடம்
அவர் கட்டில் கம்பியைப் பிடித்திருந்த விதத்தை எழுத
என் அட்டவணையில் கட்டம் இல்லை.

ஆறாம் நாள்
வெட்டு வளைந்து திரும்பும் மூலை கறுத்தது,
சுண்டுவிரல் நகமளவு.
"கரி" என்றார். "நாற்றம் உண்டா?"
குனிந்து முகர்ந்தேன். இல்லை.
"ஈரம்?"
இல்லை.
"அப்படியானால் உதிரும். கரியை எனக்குத் தெரியும்."
டாக்டரும் அதையேதான் சொன்னார்,
கொஞ்சம் நீளமாக, கொஞ்சம் நிச்சயமில்லாமல்.

புகைபோக்கிக்காரரின் பித்தளைப் பொத்தானைத் தொட்டால்
நல்லது நடக்கும் என்பார்கள் இங்கே.
அவர் கறுப்புக் கோட்டு கதவுக்குப் பின்னே தொங்கியது.
தரை துடைப்பவர் தொட்டார்,
எக்ஸ்ரே பையன் தொட்டான்.
"விழுந்த அன்று நீங்கள் தொடவில்லையா?"
"எனக்குப் பலிக்காது.
சமையல்காரன் பசி மாதிரி அது."

இன்று தையல் பிரித்தோம்.
மூலை மட்டும் இன்னும் மூடவில்லை;
பொருக்கின் ஓரத்தில் இளஞ்சிவப்பாய் ஒரு நூல்.
குதிகால் தரையைத் தொட இன்னும் பல வாரம்.
அவர் தூங்கிய பிறகு
கதவைச் சாத்துகிற சாக்கில்
நானும் தொட்டேன்,
மேலிருந்து இரண்டாவதை.

ஏழு சிகரெட்டும் என் அலமாரியில்.
கேட்டால் தொலைந்துவிட்டது என்பேன்.