தோன்றா எழுவாய்

எங்கள் வீட்டில் சட்டை துவைந்துவிடும்.
மழை பெய்வது மாதிரி, பொழுது விடிவது மாதிரி.
அப்படி ஒரு வினைச்சொல் இல்லை என்பார் தமிழாசிரியர்.
அயனாவரத்தில் இருந்தது.
இருபத்து நான்கு வருடம்
தட்டில் தோசை விழுந்தது,
படுக்கை விரிந்தது,
பேனாவில் மை நிறைந்தது.
பல் மட்டும் நானே தேய்த்தேன்.

ஹனோயில் எட்டுக் கட்டில் போட்ட அறை.
எனக்கு மேல் கட்டில். ஏணியில் நடுப்படி இல்லை.
ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மா,
"கௌஷி, காதை மூடிண்டியா? ஏசி காத்து ஆகாது."
மூடிக்கொண்டேன் என்றேன்,
அப்போது தெருவில் சின்னப் பிளாஸ்டிக் முக்காலியில்
என்ன மாமிசம் என்று தெரியாத கிண்ணத்தின் முன்னால்
வெண்டைக்காய் தவிர எதையும் நம்பாத நாக்குடன்
உட்கார்ந்திருந்தேன்.
(குழம்பை மட்டும் குடித்தேன். நன்றாக இருந்தது.
இன்றுவரை சொல்லவில்லை.)

மூன்றாம் நாள் பையில் சட்டை தீர்ந்தது.
நான்காம் நாள் அதையே உதறிப் போட்டேன்.
ஐந்தாம் நாள்
கீழ்க் கட்டில் போலந்துக்காரி பெயாட்டா
முகம் சுளிக்காமல் ஒரு சோப்புக் கட்டியை நீட்டினாள்.
வீட்டில் எப்படி, என்றாள்.
துவைந்துவிடும் என்பதை
ஆங்கிலத்தில் சொல்லப் பார்த்தேன்.
"யாரால்?"
பத்தாம் வகுப்பில்
தோன்றா எழுவாய்க்கு இரண்டு மதிப்பெண் வாங்கியவன்
வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காலரின் உள்பக்கம் ஒரு பழுப்புக் கோடு.
தேய்த்தேன், போகவில்லை.
இன்னும் தேய்த்தேன்.
இத்தனை வருடமாக
வாரத்துக்கு ஆறு முறை
இந்தக் கோட்டை யாரோ பார்த்திருக்கிறார்கள்.

திரும்பி வந்த அன்று
அப்பாவைக் காரோடு வரச்சொல்லவில்லை.
திரிசூலத்தில் ரயில், எழும்பூரில் இருபத்து மூன்று சி.
படியில் நின்றவர் என் முதுகுப் பையை
இறக்கி வை சார், ரெண்டு ஆள் இடம் அது, என்றார்.
அப்பா பஸ் டிக்கெட்டை வாங்கி
எக்ஸ்ரே மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

மறுநாள் காலை பின்கட்டுக் குழாயடியில்
என் சட்டையோடு நான் உட்கார,
தேசம்மாள் வந்து நின்றார்.
"இன்னா தம்பி, அயுக்கப் பூரா
தண்ணிக்குக் காட்டினு கீறே. குடு."
குடுக்கவில்லை.
எங்கிருந்து வருகிறீர்கள் என்றேன்.
ஒன்பது வருடமாக வீட்டுக்குள் வருகிறவரிடம்.

"பெரும்பாக்கம். ரெண்டு பஸ்ஸு."
முன்னாடி?
"இங்கதான், ஓட்டேரி. கால்வா ஓரமா.
தூக்கினு போயி அங்க போட்டுட்டாங்கோ."

யார் என்று கேட்க வாய் திறந்தேன்.
அவர் அதற்குள் பக்கெட்டைக் காலால் நகர்த்தி
சோப்பை என் கையிலிருந்து உருவியிருந்தார்.

"ஒண்ணு சொல்லட்டா, கோச்சுக்காத.
நீ ஊர்ல இல்லாத பதினோரு நாளும்
ஒம்போதே கால் பஸ்ஸப் புட்ச்சுட்டேன் நானு."

காலரை ஒரே இழுப்பில் தேய்த்தார்.
கோடு இல்லை.
ஈரக் கையோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.
உள்ளே அம்மா கூப்பிட்டாள்,
தோசை ஆறிவிடுகிறதாம்.