இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர்

வான்கூவரின் மேற்கு முனையில்
கோமாக்ஸ் தெருவில் ஒன்பது மாடி.
அறுபத்தாறில் எழுந்த கான்கிரீட்.
உரிமையாளர் பெயர் ஓர் ஏழிலக்க எண்.
நிறுவனத்துக்கு அதுவே போதுமாம்.

இன்னும் வராத நடுக்கத்துக்கு
இன்றே சேதம் எழுத வந்திருக்கிறேன்.

பழைய வரைபடத்தில்
யாரோ வைத்த காப்பிக் கோப்பையின் வட்டம்
மூன்றாம் வரிசைத் தூணைச் சுற்றியே விழுந்திருக்கிறது.
அந்தத் தூணுக்குத்தான் வளையம் போதவில்லை.
பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு கம்பி வளையம்;
இன்றைய விதி நான்குக்கு ஒன்று கேட்கும்.
கொக்கிகளும் உள்ளே மடங்கவில்லை.
அவசர விருந்தாளிபோல் விளிம்பில் உட்கார்ந்திருக்கின்றன,
எழுந்து போகத் தயாராக.

கீழ்த்தளம் முழுக்கக் கார் நிறுத்துமிடம். சுவரில்லை.
மேலே எட்டு மாடி தோள்சேர்ந்து நிற்க
இது ஒன்று மட்டும் முழங்கால்.

பராமரிப்பாளர் ரோடெல் மகராயெக் கூடவே வருகிறார்,
சாவிக்கொத்தும் பெயின்ட் டப்பாவுமாக.
சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன்.
கல், கல், கல், ஓரிடத்தில் மட்டும் பானை.
அங்கே சாய்ந்து ஏறும் விரிசலை நகத்தால் சுரண்டினேன்:
வெள்ளை, பாலேடு, வெளிர்பச்சை, மறுபடி வெள்ளை.
"வசந்தத்தில் அடைக்கிறேன், குளிரில் திறக்கிறது.
என் தப்பா?"
இல்லை என்றேன்.
அளவட்டையை வைத்தேன்: புள்ளி மூன்று மில்லிமீட்டர்.

ஊரில் பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில்
பல்லி விழும் பலன் இருக்கும்.
தலையில் விழுந்தால் இது, தோளில் விழுந்தால் அது.
என் மடிக்கணினியிலும் அப்படியொரு பட்டியல்.
மாடி தன் உயரத்தில் நூற்றுக்கு அரை நகர்ந்தால் காரை உதிரும்.
ஒன்று நகர்ந்தால் தூண் வெடிக்கும்.
இரண்டு என்றால்
பட்டியலில் அதற்குப் பெயர் 'முழுமை'.

பொறுமைக்கு நிலத்தை உவமை சொல்லும் மொழியில் வளர்ந்து
அந்தப் பொறுமைக்கு வளைகோடு வரைகிறேன்.

"எப்போ வரும்?"
இந்த அளவில் வர, ஐம்பது வருஷத்தில்
நூற்றுக்கு இரண்டு வாய்ப்பு.
ரோடெல் சிரித்தார்:
"அப்போ ஒன்றாம் தேதி வாடகை கட்டத்தான் வேண்டும்."

அடுத்த கட்டம் காலி.
இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர்?

ரோடெல் பதிவேட்டை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு
மாடி மாடியாக ஏறினார்.
"ஐந்நூற்று நான்கில் நர்ஸ், ராத்திரி வேலை, கழியுங்கள்.
எழுநூற்று ஒன்றில் ஹாலினா. தூங்கமாட்டார், ஆனால் இருப்பார்.
அறுநூற்று இரண்டில் ஒப்பந்தப்படி இரண்டு பையன்கள்,
இருப்பது ஐந்து. இதை எங்கேயும் எழுதாதீர்கள்."
எழுபத்தொன்று.
தட்டினேன்.
எதிர்பார்க்கும் உயிரிழப்பு நான்கு புள்ளி ஒன்று.

லிப்ட் வரை போனவர் திரும்பி வந்தார்.
"முந்நூற்று இரண்டில் போன வாரம் குழந்தை."

எழுபத்திரண்டு.
நான்கு புள்ளி இரண்டு.

என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.
புள்ளிக்கு அப்புறம் இருப்பது என்ன என்று கேட்டார்.
தசமம் என்றேன். வேறு சொல் வரவில்லை.
அறிக்கையில் முழு எண்தான் போகும்.
முன்பும் நான்கு. இப்போதும் நான்கு.

கிளம்பும்போது டப்பா மூடியை நெம்பிக்கொண்டிருந்தார்.
இந்த முறை பூசாதீர்கள் என்றேன்.
விரிசலின் இரு முனையிலும் பென்சிலால்
குறுக்கே கோடிட்டுத் தேதி போட்டேன்.
"கோட்டைத் தாண்டினால் யாரைக் கூப்பிட?"
கைபேசி எண்ணைச் சொன்னேன்.
பென்சிலை என் கையிலிருந்து வாங்கி
தூணிலேயே எழுதிக்கொண்டார்,
பத்து இலக்கமும், பெரிதாக.