பி கூடத்துத் தரை

பல் மருத்துவர்கள் மாலையில் போனார்கள்.
காலை எட்டு மணிக்கு
ஏ கூடத்தில் நாய்க் கண்காட்சி.
இடையில் கிடக்கும் இந்த இரவு
எங்களுக்கு.

இரண்டாயிரத்து நானூறு நாற்காலி.
பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்கு,
வண்டிக்கு நான்கு அடுக்கு, ஐம்பது நடை.
கணக்கு எப்போதும் சரியாக வரும்.
ஒன்று குறைந்தால்
மேடைக்குப் பின்னால் பார்க்க வேண்டும்,
ஓரெஸ்ட் டனிலுக் அதில் தூங்கிக்கொண்டிருப்பார்.

ஹார்விக் நகரத்தின் சொத்து இது.
மூன்று கூடம், பதினான்கு அறை,
லாரி முதுகைக் கொடுத்து நிற்க ஐந்து வாசல்
(நான்காவது பனியில் இறுகினால்
ஏப்ரலில்தான் மனம் இறங்கும்),
தரையில் முப்பதடிக்கு ஒரு மின்குழி,
ஏ, பி கூடங்களைப் பிரிக்க
கூரைத் தண்டவாளத்தில் ஓடும் சுவர்.
அதை இழுக்கும்போது எழும் சத்தத்துக்கு
பால் பண்ணையில் வளர்ந்த மார்லீஸ்
"மாடு கன்று போடுது" என்பாள்.
இருபத்திரண்டு வருடமாக அதே பேச்சு.
இருபத்திரண்டு வருடமாகச் சிரிக்கிறோம்.

முன்பு இங்கே இரண்டு தெரு.
செருப்புத் தைப்பவர் ஒருவர்,
சீனர் குடும்பத்துச் சலவைக்கடை,
குத்துச்சண்டை பழக்கிய மாடி,
வாடகை பாக்கியோடு நாற்பது வீடு.
எழுபத்தொன்றில் வாக்கெடுப்பு.
இருநூற்றுப் பதினொரு வாக்கில்
தெருக்கள் தோற்றன.
வாசல் பித்தளைத் தகட்டில்
மேயர் இருக்கிறார்,
வரைபடம் போட்டவர் இருக்கிறார்,
திருகாணிகள் கூட நான்கும் இருக்கின்றன.
கெல்வின் டெலரோண்ட் கணக்குப்படி
அவன் அப்பா பிறந்த அறை
இன்று கீழ்த்தள ஆண்கள் கழிப்பறை.
சிரித்துக்கொண்டேதான் சொல்வான்.
ஆனால் அவசரத்துக்கும் அங்கே போகமாட்டான்,
மாடி ஏறுவான்.

நவம்பர் தோறும் நகர மன்றத்தில் வரவு செலவு.
யானையைக் கட்டித் தீனி போடுகிறோம் என்பார் ஒருவர்.
விற்றுவிடலாம் என்பார் இன்னொருவர்.
யாருக்கு என்று கேட்டதும்
எல்லோரும் காப்பி குடிக்கப் போவார்கள்.

இன்று வேலை கூடுதல்.
பி கூடத்துக் கம்பளத்தை உரிக்கிறோம்.
சிந்திய ஒயின், திருமணக் கேக், குளிர்காலத்து உப்பு
எல்லாம் சுருண்டு வருகிறது.
அதற்குக் கீழே இன்னொரு கம்பளம், ஆரஞ்சு நிறம்.
அதற்கும் கீழே சிமெண்டில்
வெள்ளைப் பெயிண்டில் எண்கள்.
611. 612. 613.

ஓரெஸ்ட் சுரண்டியைக் கீழே வைத்தார்.
ஆறு கரை உடைத்த வருடம், என்றார்.
ஆயிரத்து நூறு கட்டில்,
பதினேழு நாள்.
விளக்கை அணைக்க விடமாட்டார்கள்,
குழந்தைகள் பயப்படும் என்று.

மார்லீஸ் எண்ணிக்கொண்டே நடந்தாள்.
நாங்கள் சுவரின் கொக்கிகளைச் சரிபார்ப்பதுபோல
வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.
840-இல் நின்றாள்.
"எனக்குப் பதினொரு வயசு.
பக்கத்துக் கட்டில்காரர்
ரேடியோவில் ஹாக்கி கேட்டார்.
கடைசி ஆட்டத்தில் பேட்டரி போய்விட்டது.
யார் ஜெயித்தார்கள் என்று
இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது."

தெரிந்திருந்தது ஓரெஸ்டுக்கு.
வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

மூன்று மணிக்கு அரைக்கும் இயந்திரம் வந்தது.
சிமெண்டை வழுவழுப்பாக்கித் தர வேண்டும்
என்பது ஒப்பந்தம்.
எந்த மூலையிலிருந்து தொடங்க, என்று
ஓட்டுகிற பையன் கேட்டான்.
கெல்வின் கதவுப் பக்கத்தைக் காட்டினான்,
ஒன்றாம் எண்ணை.
840 வர விடிந்துவிடும்.

ஏ கூடத்தில் ஐம்பதாவது நடையில்
ஒரு நாற்காலி குறைந்தது.
ஓரெஸ்ட் நின்றுகொண்டுதான் இருந்தார்.
தேடவில்லை யாரும்.
சுவர் இடுக்கு வழியே தெரிந்தது,
வெள்ளைத் தூசிக்கு நடுவில் அதன் முதுகும்
ஒரு பச்சை ஸ்வெட்டரும்.

எட்டு மணிக்கு
முந்நூறு நாய்கள்
ஒரே சமயத்தில் குரைக்கத் தொடங்கின.